இண்டைக்கு எத்தனையாம் நாள்?

(ஏப்ரல் 17, பாலஸ்தீனக் கைதிகள் நாளை ஒட்டி லண்டனில் நடந்த எமது இளையோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



இங்க இருக்கிற பாதிப் பேர் 2012இல் சின்ன வகுப்புப் பிள்ளைகளாக இருந்திருப்பீங்கள். அதனால் அந்த வருசத்தில் இருந்து தொடங்குறன்.

2012 பெப்ரவரி. நான் அப்ப பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம். காதர் அட்னான் என்று ஒருவர் இஸ்ரேலியச் சிறையில் சாப்பிடாமல் இருக்கிறார் என்ற செய்தி மெல்ல மெல்ல எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஜெனினுக்குப் பக்கத்தில் அராபா என்ற ஊர்க்காரர். பேக்கரி நடத்தி வந்தவர். 2011 டிசம்பர் 17 இரவு வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். அடுத்த நாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டார். அவர் மேல் வழக்கு இல்லை, குற்றச்சாட்டும் இல்லை.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், குளிரில், ஒரு அட்டையில் நாள் எண்ணிக்கையை எழுதிப் பிடித்துக்கொண்டு பின்னேரங்களில் நின்றோம். 58, 59, 60. ஒவ்வொரு நாளும் பழைய எண்ணின் மேல் புதுத் தாள் ஒட்டுவோம். இரவு வீட்டுக்குப் போனால் அம்மா கதவைத் திறந்த உடனே கேட்பா: "இண்டைக்கு எத்தனையாம் நாள்?"

என்ர அம்மா கூட்டங்களுக்கு வாற ஆள் இல்லை. அரசியல் கதைத்தால் தேத்தண்ணி போடப் போய்விடுவா. ஆனால் அவவின்ட தம்பி, என்ர மாமா, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டுக் கொழும்பில் வருசக்கணக்கில் விசாரணை இல்லாமல் இருந்தவர். மூன்று மாதத்துக்கு ஒருக்கா ஒரு கடதாசி வரும், இன்னும் மூன்று மாதம் என்று. நாள் எண்ணுறது என்றால் என்னவென்று அவவுக்கு ஒருவரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

66ஆம் நாள் ஒரு உடன்பாடு வந்தது. தடுப்புக் காவலை நீடிக்கமாட்டோம், ஏப்ரல் 17 விடுவோம் என்று அரசு தரப்பு ஒத்துக்கொண்டது. அவர் உண்ணாவிரதத்தை முடித்தார். நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். பீட்சா வாங்கிச் சாப்பிட்டோம். அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுச் சோதனைக்குப் படிக்கப் போனோம்.

2023 மே 2. காலமை அம்மா தொலைக்காட்சி முன்னால் நிண்டு என்னைக் கூப்பிட்டா. "இது அந்தப் பேக்கரிக்காரர் எல்லோ? செத்துப்போனாராம். எத்தனை நாள் இருந்தவர்?"

எனக்குத் தெரியவில்லை. போனைத் திறந்து தேடிப் பார்த்துத்தான் சொன்னேன்: 86 நாட்கள். பெப்ரவரி 5இல் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். இந்தமுறை குற்றச்சாட்டுப் பத்திரம் இருந்தது, விசாரணைதான் முடியவில்லை. இடையில் 2015இலும் 2018இலும் 50 நாட்களுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்திருக்கிறார். 2021இலும் இருந்திருக்கிறார். ஒன்பது பிள்ளைகளின் தகப்பன். 45 வயது. நாங்கள் அட்டையைப் போட்ட பிறகும் அந்த மனிசன் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

இந்த வெட்கத்தில் இருந்துதான் நான் இண்டைக்குக் கதைக்கிறன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். "நிர்வாகத் தடுப்புக்காவல்" என்று சொல்லுவார்கள். அலுவலகக் காரியம் போல ஒரு பெயர். மேற்குக் கரையில் இது இராணுவ ஆணை 1651இன் கீழ் நடக்கிறது. இராணுவத் தளபதி ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதம் வரை உள்ளே. முடியும்போது இன்னொரு ஆறு மாதம். எத்தனை தடவை நீடிக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. இராணுவ நீதிபதி முன் கொண்டு போவார்கள்தான். ஆனால் கதவு பூட்டிய விசாரணை. ஆதாரம் இரகசியக் கோப்பில் இருக்கும். நீதிபதி பார்க்கலாம். கைதியும் பார்க்கக் கூடாது, அவரின் வழக்கறிஞரும் பார்க்கக் கூடாது.

இதில் முக்கியமான விசயம் ஒன்று இருக்கு. நீ செய்ததுக்காகப் பிடிக்கிறோம் என்று அவர்கள் சொல்வதில்லை. இனிமேல் செய்யக்கூடும் என்றுதான் பிடிக்கிறார்கள். செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பீங்கள்? அந்த நேரம் நான் வேலையில் நிண்டேன் என்று சொல்ல, எந்த நேரம் என்றே தெரியாது. தண்டனை பெற்ற கைதி சுவரில் கோடு போட்டு நாளைக் கழிக்கலாம், கடைசிக் கோடு எங்கே என்று அவருக்குத் தெரியும். தடுப்புக்காவல் கைதிக்குக் கடைசிக் கோடு இல்லை. விடுதலை நாளுக்கு உடுப்பு மடித்து வைத்தவரிடம் அன்று காலை புது உத்தரவைக் குடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் எங்கே இருந்து வந்தது? இந்த நாட்டில் இருந்துதான். 1945இல் பிரித்தானிய ஆட்சி பாலஸ்தீனத்தில் பாதுகாப்பு (அவசரகால) ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. அப்போது அது யூத ஆயுதக் குழுக்களுக்கு எதிராகவும் பாய்ந்தது. 1946இல் டெல் அவிவில் கூடிய யூத வழக்கறிஞர்கள் அந்த விதிகளை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். கண்டித்தவர்களில் ஒருவரான யாக்கோவ் ஷம்சோன் ஷபீரா பிறகு இஸ்ரேலின் நீதியமைச்சராக வந்தார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான், 1967க்குப் பிறகு, அதே விதிகள் ஆக்கிரமிக்கப்பட்ட மக்கள் மேல் பாய்ந்தன.

இலங்கையிலும் கதை இதுதான். பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டம் 1947இல், பிரித்தானியர் வெளிக்கிட முந்தி, போட்டுவிட்டுப் போனது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது. இஸ்ரேல் தன் அவசரகாலத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே 1979இல்தான். ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பட்டறையில் படித்த கைகள் என்று சொல்லுறன்.

சரி, ஏன் உண்ணாவிரதம்? நீதிமன்றத்தில் பேச ஒன்றும் இல்லை, கோப்பைப் பார்க்க முடியாது, நாளும் தெரியாது. அவரிடம் மிஞ்சியிருப்பது உடம்பு மட்டும்தான். சாப்பாட்டை நிறுத்திய அன்று அவருக்கு ஒரு கணக்குத் தொடங்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. இந்தக் கணக்கை இராணுவத் தளபதி நீடிக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அரபு மொழியில் இதை "வெறுங்குடல்களின் போர்" என்று சொல்கிறார்கள்.

அது வீரக்கதை மட்டும் இல்லை, தோழர்களே. என்ன நடக்குது என்று தெரிந்துதான் நாங்கள் ஆதரிக்க வேணும். பெரும்பாலும் தண்ணீரும் உப்பும் மட்டும் எடுப்பார்கள். முதல் சில நாளில் பசி வயிற்றைப் பிடுங்கும், பிறகு மெல்ல மங்கும். உடம்பு முதலில் சேர்த்து வைத்த சர்க்கரையை எரிக்கும், பிறகு கொழுப்பை, பிறகு தசையை. இதயமும் தசைதான். வாரங்கள் போகத் தலைச்சுற்று வரும், நிற்க ஏலாது. நாற்பது நாளுக்குக் கிட்ட, விற்றமின் பி1 தீர்ந்துபோவதால் கண் ஒரு இடத்தில் நிற்காமல் அலையும், பார்க்கிறதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், குடித்த தண்ணியே வாந்தியாக வரும். காது கேட்பது குறையும். முடிந்த பிறகும் ஆபத்துப் போகாது, சாப்பாட்டைக் கவனமில்லாமல் திரும்பத் தொடங்கினால் அதுவே கொல்லும். இவ்வளவும் நடக்கும்போது காதர் அட்னான் மருத்துவமனைக் கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தார். எழுந்து நிற்க முடியாத மனிசனுக்கு விலங்கு.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1980இல் நஃப்ஹா சிறை உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகக் குழாய் வழியாக உணவு செலுத்தியபோது ராசிம் ஹலாவே, அலி அல் ஜஃபரி என்ற இரண்டு கைதிகள் இறந்தார்கள். அதெல்லாம் தெரிந்தும் 2015 ஜூலை 30இல் இஸ்ரேலிய நாடாளுமன்றம் கட்டாயமாக ஊட்டுவதற்குச் சட்டம் போட்டது. ஆதரவு 46, எதிர்ப்பு 40. இஸ்ரேலின் மருத்துவர் சங்கமே இதை எதிர்த்தது.

இப்ப நான் கொஞ்சம் கசப்பான விசயத்துக்கு வாறன்.

இந்தப் பெயர்களைக் கேளுங்கோ. ஹனா ஷலபி என்ற இளம் பெண் 2012இல் 43 நாள் இருந்தா. விட்டார்கள், ஆனால் வீட்டுக்கு இல்லை, மூன்று வருசம் காசாவுக்கு நாடு கடத்தினார்கள். மஹ்மூத் சர்சக், ரஃபாவைச் சேர்ந்த காற்பந்து வீரர், மூன்று வருசம் வழக்கே இல்லாமல் இருந்து, மூன்று மாதமளவு உண்ணாவிரதம் இருந்தபோது எரிக் கன்டோனா போன்றவர்கள் குரல் குடுத்தார்கள். 2012 ஜூலையில் விட்டார்கள். பத்திரிகையாளர் முகமத் அல் கீக், 94 நாட்கள். மாஹெர் அல் அக்ராஸ், 103 நாட்கள். ஹிஷாம் அபு ஹவாஷ், 141 நாட்கள், 2022 ஜனவரி 4இல் முடித்தார்.

இவர்கள் எல்லோரும் வென்றார்கள். ஒவ்வொருவரும் தங்கள் உத்தரவை உடைத்தார்கள். ஆனால் சட்டம் உடையவில்லை. ஒருவரை விட்டு ஊர்வாயை மூடி, அந்த வாரமே வேறு ஆக்களின் உத்தரவுகளை நீடித்தார்கள். 2012 தொடக்கத்தில் நிர்வாகத் தடுப்பில் சுமார் 300 பேர் இருந்தார்கள். 2023 அக்டோபருக்கு முன்பே அது 1,300 அளவுக்கு வந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் 3,000ஐத் தாண்டியது. 2025 முழுக்க அதற்குக் கீழே இறங்கவில்லை.

இடையில் ஒரு தரம் அந்த எண் நன்றாக இறங்கியது, அதைக் கவனியுங்கோ. 2012 ஏப்ரல் 17இல், காதர் அட்னான் விடுதலையான அதே நாள், 1,500க்கு மேற்பட்ட கைதிகள் ஒன்றாக உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மே 14இல் எகிப்தின் நடுவில் உடன்பாடு வந்தது. தனிமைச் சிறை, காசா குடும்பங்களின் சந்திப்பு, தடுப்புக்காவல் நீடிப்பு எல்லாம் அதில் பேசப்பட்டது. அடுத்த வருசம் நிர்வாகத் தடுப்பில் இருந்தவர்களின் தொகை பாதிக்கும் கீழே வந்தது. 2014இல் தடுப்புக் கைதிகள் மறுபடி இரண்டு மாதம் கூட்டாக உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தக் கோடையில் காசா மேல் போர் தொடங்கியது, எண்ணிக்கையும் திரும்ப ஏறியது.

எனக்கு இதில் விளங்குவது இதுதான். தனி ஆள் இருந்தால் தனி ஆளுக்குக் கதவு திறக்கும். கூட்டாக நின்றால் சட்டத்தில் கீறல் விழும். கீறல் விழுந்த பிறகும் வெளியில் ஆக்கள் நிற்காவிட்டால் அதைப் பூசி மெழுகிவிடுவார்கள். நாங்கள் பீட்சா சாப்பிடப் போன நேரம் அதுதான் நடந்தது.

அடுத்தது, உங்கட வீடுகளில் கேட்கிற கேள்விகள். இதுகளை ஒளித்து வைக்கத் தேவையில்லை.

"அவை எங்களுக்கு என்ன செய்தவை? மகிந்தவுக்கு விருது குடுத்தவை எல்லோ?" உண்மை. 2014 ஜனவரியில் பாலஸ்தீன அதிகார சபை மகிந்த ராஜபக்சவுக்கு "பாலஸ்தீன நட்சத்திரம்" விருது குடுத்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்து வருசம்கூட ஆகவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் விருது குடுத்தது ரமல்லாவில் இருந்த தலைமை. இரகசியக் கோப்போடு உள்ளே இருந்தவர்கள் அந்த விழாவுக்கு அழைக்கப்படவில்லை. காதர் அட்னான் அதே அதிகார சபையின் சிறையிலும் இருந்தவர். மற்றப் பக்கத்தையும் சொல்லுங்கோ: எங்கட சனத்தின் மேல் குண்டு போட்ட கிபீர் விமானங்களை விற்றது இஸ்ரேல். அரசுகள் அரசுகளோடு உறவு வைக்கும். நாங்கள் கைதியின் பக்கம் நிற்கிறோம்.

"அவர் இஸ்லாமிய ஜிகாத் ஆள், நீங்கள் இடதுசாரி, உங்களுக்கு ஏன்?" அவரின் அரசியல் என்ர அரசியல் இல்லை. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமும் இல்லை. இடதுசாரியான கலிதா ஜரார், தெரிந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர், 2017 ஜூலையில் இருந்து 20 மாதம் இதே தடுப்பில் குற்றச்சாட்டு இல்லாமல் இருந்தா. இரகசியக் கோப்புக்கு இடது வலது தெரியாது. குற்றம் செய்தார் என்றால் குற்றச்சாட்டைச் சொல்லு, ஆதாரத்தைக் காட்டு, விசாரி. கேட்கிறது அவ்வளவுதான். எங்களுக்குப் பிடித்த கைதிக்கு மட்டும் கேட்டால் அதற்குப் பெயர் உரிமை இல்லை.

இன்னொன்று. இந்தச் சட்டம் ஒரு சில யூதக் குடியேறிகள் மேலும் பாவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ் குடியேறிகளுக்கு அதை நிறுத்துவதாக அறிவித்தார். அதாவது விசாரணை இல்லாமல் அடைப்பது தகாத காரியம் என்று அவர்களுக்கும் தெரியும். யாருக்குத் தகாது என்பதில்தான் பிரச்சினை.

"திலீபன் அண்ணாவும் இருந்தவர்தானே" என்று போன கிழமை ஒரு தம்பி சொன்னார். ஓம். 1987இல் அவர் வைத்த ஐந்து கோரிக்கைகளில் ஒன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைபட்டவர்களின் விடுதலை. இதை எங்கட பிள்ளைகளில் கனபேருக்குத் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. அவர் நல்லூரில் மேடையில் இருந்தார். சுற்றிவரச் சனம் இருந்தது. சிறைக்குள் உண்ணாவிரதம் இருப்பவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. வழக்கறிஞர் வந்து வெளியில் சொன்னால்தான் உண்டு. உண்ணாவிரதம் ஒரு பேச்சு. கேட்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் பட்டினி.

அந்தக் காதைத்தான் இப்ப அடைத்திருக்கிறார்கள். 2023 அக்டோபரோடு குடும்பச் சந்திப்புகள் நின்றன. செஞ்சிலுவைக் குழுவையும் சிறைகளுக்குள் விடவில்லை. கைதிகளுக்காக வேலை செய்த அத்தமீர் போன்ற அமைப்புகளை 2021இலேயே பயங்கரவாத அமைப்பு என்று பட்டியலில் போட்டுவிட்டார்கள். அதோடு சாப்பாட்டைக் குறைத்தார்கள். 2025 மார்ச்சில் மெகிடோ சிறையில் 17 வயதுப் பையன் ஒருவர் இறந்தார். ஆறு மாதமாக உள்ளே, குற்றச்சாட்டு இல்லை. உடற்கூற்றுப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவைக் குறிப்பிட்டார். 2025 செப்டெம்பர் 7இல் இஸ்ரேலின் உயர் நீதிமன்றமே கைதிகளுக்குப் போதிய உணவு குடுக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

விளங்குதா தோழர்களே? முதல் பசி கைதியின் ஆயுதமாக இருந்தது. இப்ப சிறைக்காரனின் ஆயுதம். தட்டைத் தள்ளி வைப்பதற்குத் தட்டில் ஏதாவது இருக்க வேணும். அவர்கள் தங்கள் உடம்பை வைத்துச் செய்துகொண்டிருந்த வேலையை இனி வெளியில் இருக்கிற நாங்கள்தான் செய்ய வேணும்.

என்ன செய்யலாம்? பெரிய பட்டியல் என்னிடம் இல்லை. நான்கு விசயம்.

ஒன்று, எண்ணுவோம். ஒரு ஆளின் நாளை மட்டும் இல்லை, மொத்த ஆக்களை. ஹமோகெட் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு, சிறைத்துறையிடம் வாங்கி, மாதம் மாதம் எத்தனை பேர் நிர்வாகத் தடுப்பில் என்று வெளியிடுகிறது. அந்த எண்ணை ஒவ்வொரு மாதமும் எங்கட மடலின் மேலே போடுவோம். ஒருவர் விடுதலையான மாதமும் போடுவோம்.

இரண்டு, கோரிக்கையைச் சரியாக வைப்போம். "இவரை விடு" என்பதோடு "இந்தச் சட்டத்தை எடு, செஞ்சிலுவையை உள்ளே விடு" என்பதும் சேர வேணும். உங்கட தொகுதி எம்.பி.க்கு எழுதும்போதும், தொழிற்சங்கத்தில் தீர்மானம் கொண்டுவரும்போதும் இதே வசனம்.

மூன்று, காசு போகிற வழியைப் பிடிப்போம். 2012 உண்ணாவிரத நாட்களில் பாலஸ்தீன அமைப்புகள் ஜி4எஸ் கம்பனிக்கு எதிராக அழைப்பு விட்டன, அது இஸ்ரேலியச் சிறைகளுக்குக் கருவிகள் குடுத்தபடியால். வருடாந்தக் கூட்டங்களில் போய்க் கேள்வி கேட்டார்கள், மாணவர் சங்கங்கள் ஒப்பந்தங்களை எதிர்த்தன. 2014இல் அந்தக் கம்பனி சிறை ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கமாட்டோம் என்று சொன்னது. 2016இல் இஸ்ரேல் வணிகத்தை விற்கும் முடிவை அறிவித்தது. அதே கம்பனிதான் 2020 வரை கட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் புரூக் ஹவுஸ் குடிவரவுத் தடுப்பு முகாமை நடத்தியது. இந்த நாட்டிலும் குடிவரவுத் தடுப்புக்குச் சட்டத்தில் நாள் வரம்பு கிடையாது. அகதி வழக்குத் தோற்று அடைபட்ட எங்கட ஆக்களுக்கும் கடைசிக் கோடு தெரியாது. ஆகவே இது தூரத்து விசயம் என்று ஒருவரும் சொல்லாதேங்கோ.

நான்கு, வீட்டில் தமிழில் கதைப்போம். அம்மா அப்பாவிடம் "ஆக்கிரமிப்பு", "காலனியம்" என்று தொடங்கினால் அவை எழும்பிப் போய்விடுவினம். "விசாரணை இல்லாமல் உள்ள வைச்சிருக்கினம், ஆறு மாதத்துக்கு ஒருக்கா கடதாசி குடுக்கினம்" என்று சொல்லிப் பாருங்கோ. எங்கட வீடுகளில் அந்தக் கடதாசியைத் தெரியாதவை குறைவு.

நேற்று இந்தக் கூட்டத்துக்கு வரப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவவுக்கு இப்ப எழுபது தாண்டிவிட்டுது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: "இப்ப எத்தனை பேராம் உள்ள?"

இந்தமுறை எனக்குத் தெரிந்திருந்தது. மூவாயிரத்துக்கு மேல் அம்மா, என்று சொன்னேன். அடுத்த மாதமும் கேட்பா. அடுத்த மாதமும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேணும்.